தார்ப்பூச்சுக்கு அடியில்: பழைய மோரிஸ் மைனரின் வண்ணக் கோளாறுகள், அறிகுறி வாரியாக

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் இருக்கும் என் பட்டறைக்கு வரும் மோரிஸ் மைனர்களில் பாதிக்கு மேல் ஒரே பேச்சோடுதான் வந்து நிற்கின்றன. "அண்ணே, அடியில் தார் நன்றாக அடித்து வைத்திருக்கிறோம். மேலே மட்டும் பெயிண்ட் பார்த்தால் போதும்." அப்படிச் சொல்லப்பட்ட எந்த வண்டியையும் அடியைப் பார்க்காமல் நான் மேலே தொட்டதில்லை. மேலே தெரியும் கோளாறுகளில் பலவற்றுக்கு வேர் கீழேதான் இருக்கிறது.

மைனர் 1948இல் லண்டன் கார் கண்காட்சியில் அறிமுகமானது. அலெக் இஸ்ஸிகோனிஸ் வடிவமைத்த இந்த வண்டிக்கு லாரிக்கு இருப்பதுபோல் தனிச் சட்டகம் கிடையாது. தகட்டை மடித்துப் பற்றவைத்த உடலே எடையைத் தாங்குகிறது. ஆகவே அடித்தகட்டில் துரு என்றால் அது அழகைப் பற்றிய பேச்சு அல்ல. தோட்டத்துக் கிராணியும் (எழுத்தர்) டிரஸ்ஸரும் (மருத்துவ உதவியாளர்) பள்ளி ஆசிரியரும் ஓட்டிய இந்த வண்டிகள் செம்மண் பாதையிலும் மழையிலும் பல ஆண்டுகள் ஓடியவை. ரப்பர்ப் பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்த பிறகும் சில வண்டிகள் வீட்டுக் கொட்டகைகளில் காத்திருக்கின்றன. பேரப்பிள்ளைகள் இப்போது அவற்றை வெளியே எடுக்கிறார்கள்.

எதையும் சுரண்டுவதற்கு முன்

ஐம்பது சென் நாணயத்தின் அகலத்துக்கு ஓர் இடம் தேர்ந்தெடுங்கள். கதவு மூடும் ஓரம், பானெட்டின் உட்பக்கம் போன்ற மறைவான இடம் நல்லது. 400ஆம் எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, நடுவில் ஆழமாகவும் ஓரத்தில் மென்மையாகவும் தேயுங்கள். பிறகு 800, 1200 என்று போய் ஓரங்களைச் சீராக்குங்கள். வெட்டிய மரத்தில் வளையங்கள் தெரிவதுபோல் ஒவ்வொரு பூச்சும் ஒரு வளையமாகத் தெரியும். நடுவில் தகடு, அதைச் சுற்றித் தொழிற்சாலையின் அடிப்பூச்சு, அடுத்து முதல் நிறம், அதற்குமேல் பின்னால் வந்தவர்கள் அடித்ததெல்லாம் இருக்கும். ஒரு வண்டியில் ஐந்து வளையங்கள் எண்ணியிருக்கிறேன். அதன் மூன்றாவது வளையம் சுவருக்கு அடிக்கும் பெயிண்ட் போலத் தடித்திருந்தது.

பழைய பூச்சுகளில் ஈயம் இருக்கக்கூடும். உலரத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். எப்போதும் ஈரத்தில் தேயுங்கள், முகக்கவசம் போடுங்கள், பிள்ளைகள் விளையாடும் முற்றத்தில் இந்த வேலை வேண்டாம். அந்தக் காலத்து உடல்களில் தகட்டு இணைப்புகளை ஈயம் உருக்கி நிரப்புவதும் வழக்கம். சுரண்டும்போது மென்மையான, மங்கிய வெள்ளி நிறம் தெரிந்தால் அந்த இடத்தில் அரவை எந்திரத்தை வைக்காதீர்கள்.

அடுத்த சோதனைக்குப் பஞ்சில் லாக்கர் தின்னரைத் தொட்டு அதே இடத்தில் ஒரு நிமிடம் வைக்க வேண்டும். நிறம் கரைந்து பஞ்சில் ஏறினால் அது செல்லுலோஸ் அல்லது அக்ரிலிக் லாக்கர். தோல் சுருங்கி மெதுவாகக் கிளம்பினால் எனாமல். ஒன்றுமே நடக்காவிட்டால் பிற்காலத்தில் கடினப்படுத்தி என்ற இறுக்கும் திரவத்தைக் கலந்து அடித்த இரட்டைக்கலவைப் பூச்சு. இந்த ஒரு நிமிடத்தைச் செலவழிக்காதவர்கள்தான் பின்னால் வரும் சுருக்கம் என்ற கோளாறில் மாட்டிக்கொள்கிறார்கள்.

அறிகுறி: அடியில் தார் வெடித்து, தட்டினால் பாளம் பாளமாக விழுகிறது

இதில் நான் அதிக நேரம் நிற்பேன், ஏனென்றால் உயிர் போகும் கோளாறு இதுதான்.

தார் அடித்தது யார் என்று முதலில் கண்டுபிடியுங்கள். தொழிற்சாலையில் உடலுக்குப் பூச்சு முடிந்த பிறகுதான் பிரேக் குழாய், கம்பிப்பிடி, பெட்ரோல் தொட்டி எல்லாம் மாட்டப்படும். எனவே ஒரு பிடியைக் கழற்றிப் பாருங்கள். பிடிக்கு அடியிலும் பூச்சு தொடர்ந்து ஓடினால் அது உடலோடு வந்த பூச்சு. தார் போல்ட்டின் தலையையும் பிரேக் குழாயையும் சேர்த்து மூடியிருந்து, பிடிக்கு அடியில் இல்லை என்றால், பின்னால் யாரோ பட்டறையில் அடித்தது. நான் சுரண்டிய மைனர்களில் தாருக்கு அடியில் மெல்லிய அடிப்பூச்சும், ஓரங்களில் வண்டி நிறம் தூறல்போல் விழுந்த தடமும்தான் இருந்தன. கறுப்புத் தார் பிறகு வந்தது.

தார் கெட்ட பொருள் இல்லை. புதிதாக, சுத்தமான தகட்டின்மேல் இருக்கும்வரை கல்லடியைத் தாங்கும். வயதாகும்போது அதன் எண்ணெய்ப்பசை காய்ந்து ஓடுபோல் ஆகிவிடும். ஓட்டில் விரிசல் விழுந்தால் மழைநீர் உள்ளே போகும், ஆனால் வெளியே வராது. நம் பக்கத்துச் செம்மண் அந்த விரிசலில் போய் அடைந்து ஈரத்தைப் பிடித்து வைக்கும். வெளியே கறுப்பாக, உறுதியாகத் தெரிவதன் உள்ளே தகடு அடுக்கடுக்காக உரிந்துகொண்டிருக்கும்.

திருப்புளியின் மரக்கைப்பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். கெட்டது மட்டையைத் தட்டியதுபோல் 'தொப்' என்று சொல்லும். முன் இருக்கைக்குக் கீழே குறுக்காக ஓடும் சட்டத்தின் இரு முனைகள், பின்சக்கர லீஃப் ஸ்பிரிங் மாட்டும் இடங்கள், எஞ்சின் பக்கத்துக் கால்சட்டங்களின் பின்முனை, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச்சட்டம் ஆகிய நான்கையும் விடாதீர்கள். குறுக்குச்சட்டத்தை நான் முதலில் பார்ப்பேன். மைனரின் முன்சக்கரத்தைத் தாங்கும் முறுக்குத்தண்டுகளின் பின்முனை அதில்தான் பிடித்திருக்கிறது. அது துருப்பிடித்துப் போனால் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துவிடும். ஓடும்போது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சென்ற ஆண்டு வந்த ஒரு வண்டியில் அந்தச் சட்டத்தின் இடது முனையைத் தட்டினேன். சத்தமே இல்லை. கட்டைவிரலால் அழுத்தியபோது விரல் உள்ளே போனது. தார்த் தோல் மட்டும் விரலைச் சுற்றிப் படிந்து நின்றது. உள்ளே கைவிட்டு எடுத்தபோது காப்பித்தூள்போல் துரு, அதோடு ஓர் எறும்புப் புற்றும் வந்தது. முந்தைய பட்டறை ஈர மண்ணின் மேலேயே புதுத் தாரை அடித்துக் கொடுத்திருக்கிறது. உரிமையாளர் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர். வாரம் தவறாமல் மனைவியைக் கோலக்கங்சார் மருத்துவமனைக்கு அந்த வண்டியில்தான் அழைத்துப் போயிருக்கிறார். "ஐயா, இனி இதை ஓட்ட வேண்டாம், இங்கேயே விட்டுப் போங்கள்" என்றேன். அவர் குனிந்து அந்த ஓட்டையைப் பார்த்தார். "அடியில் பத்திரமாக இருக்கிறது என்று காசு கொடுத்தேனே, தம்பி" என்றார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. தாரைப் பற்றி இத்தனை வரிகள் எழுதுவதற்கு அவர்தான் காரணம்.

தாரை எடுக்கும் முறை: பெட்ரோல் தொட்டியையும் ரப்பர்க் குழாய்களையும் முதலில் கழற்றி அப்புறப்படுத்துங்கள். சூடான காற்று ஊதும் துப்பாக்கியைக் குறைந்த சூட்டில் காட்டி, தார் மெழுகுபோல் இளகியதும் பட்டிக் கத்தியால் தள்ளுங்கள். புகை வந்தால் சூடு அதிகம். தீச்சுடர் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். கம்பித் தூரிகைச் சக்கரத்தை இப்போது வைத்தால் தார் உருகிப் பட்டறை முழுக்கத் தெறிக்கும். மிச்சம் இருக்கும் படலத்தை, தகடு நன்றாக ஆறிய பிறகு, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, பிறகு எண்ணெய் நீக்கியால் இரண்டு முறை கழுவுங்கள். பெட்ரோலைக் கொண்டு துடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மூடிய கொட்டகையில் அது உயிரோடு விளையாடுவது.

தகடு தெரிந்த பிறகு, ஓட்டையானதை வெட்டிப் புதுத் தகடு வைத்துப் பற்றவையுங்கள். துருவின் மேல் தகடு ஒட்டும் வேலை வேண்டாம். மேல்துரு மட்டும் உள்ள இடத்தில் பாஸ்பாரிக் அமிலம் சார்ந்த துருமாற்றி போதும். அதைக் கழுவி உலரவிட்ட பிறகு எப்பாக்சி அடிப்பூச்சு, இணைப்புகளில் சீலர், பிறகு வண்டி நிறத்தில் ஒரு மெல்லிய பூச்சு. கடைசியில் தாருக்குப் பதில் நிறமற்ற மெழுகுப்பூச்சு அடியுங்கள். மெழுகு வெயிலில் இளகித் தன் கீறலைத் தானே மூடும். துரு வந்தாலும் கண்ணுக்குத் தெரியும், ஆண்டுக்கு ஒருமுறை எளிதாகப் புதுப்பிக்கலாம்.

அறிகுறி: மேல்பூச்சில் கொப்புளம்

கொப்புளத்தை ஊசியால் குத்திப் பாருங்கள். உள்ளே பழுப்பு நிறத் தூளோ பழுப்பு நீரோ இருந்தால் துரு. மட்கார்டின் பின்விளிம்பிலும் கதவின் கீழ்விளிம்பிலும் இப்படி வந்தால் அது பின்பக்கத்திலிருந்து தின்றுகொண்டு வருகிறது. வெளியே தேய்த்துப் பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) வைத்தால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. உள்ளே நிறமற்ற தண்ணீர், அதற்கடியில் அடிப்பூச்சு சுத்தமாக இருந்தால், தேய்த்தபோது பயன்படுத்திய தண்ணீரின் உப்பு சரியாகக் கழுவப்படாமல் பூச்சுக்கு அடியில் தங்கி ஈரத்தை இழுத்திருக்கிறது. கிணற்று நீரில் தேய்த்த வண்டிகளில் இதைக் கண்டிருக்கிறேன். அடிப்பூச்சுவரை இறக்கி, சுத்தமான நீரில் கழுவி, ஒரு நாள் முழுக்க உலரவிட்டு மீண்டும் அடியுங்கள். கொப்புளமாக இல்லாமல் குண்டூசி முனைபோல் பள்ளங்கள் இருந்தால் பூச்சைக் கனமாக அடித்து, கரைப்பான் உள்ளே சிக்கி வெடித்திருக்கிறது. தேய்த்து மெல்லியதாக அடித்தால் தீர்ந்தது.

காந்தமும் உதவும். மெல்லிய துணியில் சுற்றிய காந்தம் ஓரிடத்தில் பிடிக்காமல் நழுவினால் அங்கே பட்டியோ ஈயமோ இருக்கிறது. பூச்சின் தடிமன் அளக்கும் கருவி இரவல் கிடைத்தால் இன்னும் நல்லது. 300 மைக்ரானைத் தாண்டிய இடத்தைச் சந்தேகியுங்கள்.

அறிகுறி: பின்பெட்டியின் தரை மட்டும் அரித்திருக்கிறது, மற்ற இடம் நன்றாக இருக்கிறது

இது தோட்டத்து வண்டிகளுக்கே உரிய நோய். உறைந்த ரப்பர்ப் பாலான ஒட்டுப்பாலும் கட்டிப்பாலும் சாக்கில் கட்டிப் பின்பெட்டியில் ஏற்றியிருப்பார்கள். பாலை உறையவைக்க ஊற்றும் பார்மிக் அமிலம் கட்டிப்பாலின் கசிவுநீரில் தங்கியிருக்கும். பெயிண்ட் உரிப்பான்களிலேயே சேர்க்கப்படும் அமிலம் அது, பூச்சை என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. தரைவிரிப்பை எடுத்ததும் பழைய நாற்றம் அடித்தால் உறுதி. சமையல் சோடா கரைத்த நீரால் நுரை அடங்கும்வரை கழுவி, பிறகு நல்ல நீரில் அலசி உலர்த்திவிட்டுத்தான் அடிப்பூச்சுக்குப் போக வேண்டும்.

அறிகுறி: புதிதாக அடித்த செல்லுலோஸ் பால்போல் வெளுத்துவிட்டது

பிற்பகல் மூன்று மணி, கிளேடாங் மலைப் பக்கம் வானம் கறுக்கிறது, மழைக்குமுன் முடித்துவிடலாம் என்று அவசரமாக அடிக்கிறீர்கள். பத்து நிமிடத்தில் கறுப்பு வண்டி சாம்பல் பூத்து நிற்கும். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது தகடு குளிர்கிறது, காற்றின் ஈரம் அதன்மேல் பனியாகப் படிந்து பூச்சுக்குள் சிக்கிக்கொள்கிறது. மனம் தளர வேண்டாம், பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். மறுநாள் வெயில் ஏறிய பிறகு, மெதுவாக ஆவியாகும் தின்னரை மட்டும் மெல்லிய தூறலாக அடித்தால் பூச்சு மீண்டும் இளகி ஈரத்தை வெளியே விடும். அப்படியும் போகாவிட்டால் மெருகுக் குழம்பால் தேயுங்கள். விடியற்காலை குளிர்ச்சியாக இருக்கிறதே என்று அடிப்பதும் தவறு. நம் ஊரில் காற்றின் ஈரம் அதிகம் இருப்பது அப்போதுதான். காலை பத்து முதல் நண்பகல் ஒன்றுவரைதான் என் பட்டறையில் ஸ்பிரே வேலை நடக்கும்.

அறிகுறி: அடித்துக்கொண்டிருக்கும்போதே பூச்சு சுருங்கி மேலே எழும்புகிறது

பழைய எனாமலின்மேல் செல்லுலோஸ் அடித்திருக்கிறீர்கள். செல்லுலோஸின் தின்னர் எனாமலைக் கடித்துத் தூக்குகிறது. நிறுத்துங்கள், மேலும் அடித்து மூட முடியாது. முழுதாக உலரவிட்டு அந்தப் பகுதியைத் தகடுவரை இறக்குவதுதான் நிலையான தீர்வு. இடையில் தடுப்புப் பூச்சு அடித்து ஒப்பேற்றுவதும் உண்டு. கதவின் உள்ஓரம்போன்ற சிறு இடங்களுக்கு மட்டுமே அதை நான் ஏற்பேன்.

தகடுவரை இறக்கியவர்கள் ஒரு வரிசையை நினைவில் வையுங்கள்: அமிலம் கலந்த எட்ச் அடிப்பூச்சின்மேல் நேரடியாகப் பட்டி வைக்கக் கூடாது, ஒட்டாமல் பின்னால் கிளம்பும். முதலில் எப்பாக்சி, அதன்மேல் பட்டி என்று போவதே பாதுகாப்பு. இரட்டைக்கலவைப் பூச்சுகளின் கடினப்படுத்தியில் ஐசோசயனேட் இருக்கிறது. நுரையீரலைக் கெடுக்கும் பொருள் அது. சாதாரண முகக்கவசம் காக்காது, வெளியிலிருந்து காற்று தரும் கவசம் வேண்டும். அது இல்லாதவர்கள் அந்தப் பூச்சை உரிய அறை உள்ள பட்டறையில் கொடுத்து அடிக்கச் சொல்லுங்கள்.

அறிகுறி: வெள்ளை நிறத்தின்மேல் மஞ்சளும் பழுப்புமாகக் கறை எழுகிறது, திரும்ப அடித்தாலும் திரும்ப வருகிறது

கீழ்விளிம்புகளில் என்றால், சரியாகத் துடைக்கப்படாத தார் கரைப்பானில் கரைந்து மேலே ஏறுகிறது. இளஞ்சிவப்பாக வந்தால் அடியில் பழைய சிவப்பு வண்ணம் இருக்கிறது. சில சிவப்பு நிறமிகள் எத்தனை பூச்சு மேலே போட்டாலும் கசிந்து வரும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: கறையின் மூலத்தை எடுங்கள், இல்லையென்றால் எப்பாக்சியால் அடைத்துப் பூட்டுங்கள். வெள்ளையை மேலும் மேலும் அடிப்பதில் பயனில்லை.

அறிகுறி: வெற்றுத் தகட்டில் மறுநாள் கைத்தடம்

கூரையை நாள் முழுக்கச் சுத்தம் செய்து தகடு பளபளக்க விட்டுப் போகிறோம். மறுநாள் காலை வந்து பார்த்தால், வேலை பழகும் தம்பி சாய்ந்து நின்ற இடத்தில் ஐந்து விரலும் உள்ளங்கையும் ரேகையோடு ஆரஞ்சு நிறத்தில் பதிந்திருந்தன. வியர்வையின் உப்பும் இரவின் ஈரமும் சேர்ந்து எழுதியது. இறக்கிய தகட்டை அன்றைக்கே எப்பாக்சியால் மூடுங்கள். கையுறையில்லாமல் தொட வேண்டாம். தடம் விழுந்துவிட்டால் துடைத்தால் மட்டும் போதாது, தேய்த்து எடுக்க வேண்டும்.

அறிகுறி: மீன்கண்போல் வட்டக் குழிகள்

டயர் மெருகு, டாஷ்போர்டு மெருகு ஆகியவற்றில் இருக்கும் சிலிக்கோன். அல்லது கம்பிரசரிலிருந்து வரும் எண்ணெய். எண்ணெய் நீக்கியைத் தொட்ட ஒரு துணியால் துடைத்து, அது உலர்வதற்குள் மற்றொரு உலர்ந்த துணியால் துடையுங்கள். காற்றுக்குழாயில் வடிகட்டி மாட்டுங்கள்.

அறிகுறி: குறியீட்டின்படி கலந்த நிறம் வண்டியோடு ஒத்துப்போகவில்லை

ஒரு கிராணியின் பேரன் வண்டியைக் கொண்டுவந்தார். "தாத்தா வண்டி சாம்பல் நிறம், மாமா" என்றார். ஈப்போவில் சாம்பல் கலந்து வாங்கி வந்திருந்தார். கதவில் அடித்துப் பார்த்தால் சிமெண்டுத் தரைபோல் செத்துக் கிடந்தது. பின்னிருக்கையைத் தூக்கி, அதன் சட்டம் மூடியிருந்த தகட்டை ஈரத்துணியால் துடைத்தேன். மழைவிட்ட பிறகு மலைமேல் படியும் நீலம் கலந்த சாம்பல். மைனருக்கு அடித்த நிறங்களில் 'ஸ்மோக் கிரே' என்று ஒன்று உண்டு. பெயரில் சாம்பல் இருந்தாலும் மோரிஸ் வண்டிகளைத் தயாரித்த பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) நிறுவனத்தின் குறியீட்டில் அது 'பியூ 15'. 'பியூ' என்பது நீல வகைக்கான எழுத்து. 'ஆல்மண்ட் கிரீன்' பச்சை வகையில் 'ஜிஎன் 37', 'ஓல்ட் இங்கிலிஷ் வைட்' வெள்ளை வகையில் 'டபிள்யூடி 3'. நிறத்தின் பெயரைச் சொல்லிக் கலக்கச் சொல்லாதீர்கள், குறியீட்டைச் சொல்லுங்கள்.

1950களின் வண்டிகளில் எஞ்சின் அறையின் பின்சுவரில் உள்ள தகட்டில் ஐந்து குறிகள் இருக்கும். முதல் எழுத்து வண்டியின் வகை, மூன்றாவது நிறம், கடைசி இலக்கம் செல்லுலோஸா வேறா என்ற பூச்சு வகை. பிற்கால வண்டிகளில் அந்த உதவி கிடையாது. அப்போது வெயில் படாத இடங்களைத் தேடுங்கள்: பின்னிருக்கையின் அடி, டாஷ்போர்டுக்குப் பின்புறம், சின்னங்களின் கீழ், கதவின் உள்அட்டைக்குப் பின்னால். கிடைத்த இடத்தை மெருகுக் குழம்பால் லேசாகத் தேய்த்து, ஈரமாக இருக்கும்போதே பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள். டியூப்லைட்டின் கீழ் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

நிறத்தையே மாற்ற விரும்புகிறவர்கள் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) பதிவிலும் மாற்ற வேண்டும். பழைய நிறத்துக்குத் திரும்புகிறவர்களும் பதிவில் இப்போது எந்த நிறம் இருக்கிறது என்று பாருங்கள். இடையில் யாராவது மாற்றியிருப்பார்கள்.

அறிகுறி: வேலை முடிந்தது, ஆனால் வண்டி பழையதுபோல் தெரியவில்லை

அடித்தகட்டைக் கண்ணாடிபோல் மெருகேற்றியிருக்கிறீர்கள். தொழிற்சாலையில் இணைப்புச் சீலரைத் தூரிகையால் இழுத்த தடம் தெரியும்படி விட்டிருந்தார்கள். ஓரங்களில் நிறம் தூறலாகத் தேய்ந்து மறைந்தது. பிரிக்கும்போதே ஒவ்வொரு மூலையையும் படம் எடுத்து வைத்திருந்தால் அதேபோல் தூரிகையால் இழுக்கலாம், படம் இல்லாதவர்கள் இன்னும் பிரிக்கப்படாத மற்றொரு மைனரின் அடியில் படுத்துப் பாருங்கள்.

மெழுகு அடிக்கும் நாளில், கதவின் கீழ்விளிம்பிலும் பெட்டிச்சட்டத்திலும் உள்ள வடிகால் துளைகளைக் கடைசியாக ஒருமுறை சோதியுங்கள். சைக்கிள் சக்கரக் கம்பி ஒன்றை எடுத்து ஒவ்வொரு துளையிலும் விட்டு எடுங்கள். ஒரு குவளைத் தண்ணீரைக் கதவுக் கண்ணாடியின் இடுக்கில் ஊற்றி, அது கீழே சொட்டுகிறதா என்று குனிந்து பாருங்கள். சொட்டி முடிந்து உட்புறம் முழுக்க உலர்ந்த பிறகு மெழுகை அடித்து, கம்பியை மறுபடியும் துளைகளில் விட்டு எடுங்கள்.